வள்ளி வந்தால் எங்கே நிற்பாள்?

என் அலமாரியில், மடிப்புக் கலையாத ஒரு மஞ்சள் சேலைக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி கால் சலங்கை இருக்கிறது. கோயம்புத்தூர் பெரிய கடை வீதியில் வாங்கியது. இதுவரை ஒருமுறைகூடக் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. மாசியில் காரமடை அரங்கநாதர் தேர் நிலை சேர்ந்ததும் எங்கள் பக்கம் வெயில் ஏறிவிடும். பங்குனியில் புங்கமரம் துளிர்க்கும், வேப்பம்பூ வாசலெல்லாம் கொட்டிக் கிடக்கும். புத்தகத்தில் இளவேனில் என்று படிப்பது எங்களுக்கு நோம்பிக் காலம். மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். விடிகாலையில் பெண்கள் மஞ்சள் நீரும் வேப்பிலையுமாகக் குடம் சுமந்து வந்து கம்பத்துக்கு ஊற்றுவோம். இரவில் ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். சின்ன வயதிலிருந்து இப்படியே பார்த்து வளர்ந்ததால், ஊற்றுவது ஏன் நாம், ஆடுவது ஏன் அவர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

போன மாசியில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "பொம்பளைகளுக்கு வள்ளிக் கும்மி பழக்குறாங்களாமா, வர்றியா புள்ள?" என்று கேட்டார். நாற்பத்தாறு வயது, மூட்டுவலித் தைலம் வாங்குகிற வயது. "நான் வந்து என்னக்கா பண்றது?" என்றேன். ஆனால் அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

இரவு ஏழரைக்குக் கோயில் திடலில் பயிற்சி தொடங்கும். அதற்குள் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றி, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு ஓடிவருவோம். பத்தாவது படிக்கிற பெண்ணிலிருந்து பேரன் பேத்தி எடுத்த ஆத்தா வரை நாற்பத்திரண்டு பேர். வாத்தியார் ஓர் அடி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடவேண்டும். வலது கால் முன்னால் வைத்துக் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, அரைவட்டம் திரும்பி இன்னொரு தட்டு. முதல் வாரம் என் கை தட்டும்போது கால் நின்றுவிடும், கால் நகர்ந்தால் பாட்டு மறந்துவிடும். பத்தாம் நாள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஆடிய அக்காவும் சிரித்தார். யாரும் எங்களை "ஏன் சிரிக்கிறீங்க" என்று கேட்கவில்லை. வீட்டிலோ, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக இரவுத் தோசையை என்னைத் தவிர வேறொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வள்ளிக் கும்மி ஆண்கள் ஆடிவந்த ஆட்டம். என் அப்பாவின் தலைமுறையில் ஆண்கள் வேட்டியை வரிந்துகட்டி விடிய விடிய ஆடுவார்கள். பெண்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அந்த வட்டத்துக்குள் பெண்களை அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் எங்கள் பக்கத்துக் கலைஞர் பத்திரப்பன். 2024இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது, மரபை மீறிப் பெண்களுக்கும் இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். இன்று கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் வள்ளிக் கும்மி என்றாலே ஒரே நிறச் சேலை கட்டிய பெண்கள்தான் கண்முன் வருகிறார்கள். ஊருக்கு ஊர் இரண்டு மாதம் போலப் பழகி, ஒரு நாள் ஊர்கூடி அரங்கேற்றம் நடக்கிறது. எங்களுக்கும் சித்திரையில் தேதி குறித்தார்கள்.

பகலில் நான் இன்னொன்றையும் கற்றுக்கொண்டிருந்தேன். நோம்பிப் பந்தலுக்கு முந்நூறு தென்னந்தடுக்கு வேண்டும் என்று எங்கள் தோப்பில் சொல்லியிருந்தார்கள். இப்போதெல்லாம் தகரமும் பச்சை வலையும் வந்துவிட்டதால் தடுக்குப் பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் தோப்பில் அப்பா காலத்திலிருந்து பின்னுகிற ஓர் அம்மா இருக்கிறார். எழுபது வயது இருக்கும். அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வருபவர். உதவிக்கு ஆள் கிடைக்காமல் ஒற்றையாகப் பின்னிக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

மட்டையை நடுவில் இரண்டாகப் பிளந்து, தொட்டித் தண்ணீரில் ஊறப் போடவேண்டும். ஊறாத ஓலை மடித்தால் ஒடியும். ஊறியதை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேலேயே குந்தி உட்கார்ந்து, ஒரு ஓலையை மேலே, அடுத்ததைக் கீழே என்று விட்டு விட்டு மடக்கிக்கொண்டே பின்னால் நகரவேண்டும். கடைசியில் நுனிகளை முடிச்சாக முறுக்கிவிடவேண்டும். அவர் ஐந்து தடுக்கு முடிப்பதற்குள் நான் ஒன்று முடிப்பேன். அதையும் தூக்கிப் பார்த்து, "வானம் தெரியுதுங் அம்மிணி" என்று சொல்லி அவிழ்க்கச் சொல்வார். பின்னும்போது மெல்லப் பாடுவார். எங்கள் வட்டத்தில் பாடுகிற பாட்டு இல்லை. தாலாட்டு போலத் தொடங்கி, போகப் போக ஒப்பாரிக்குள் போய்விடும். யாரை நினைத்துப் பாடுகிறார் என்று நான் கேட்டதில்லை.

இந்த அம்மாவை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது பூவரச இலையைச் சுருட்டி, நுனியைக் கிள்ளி, வாயில் வைத்து ஊதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் வாசித்த முதல் வாத்தியம் அந்தப் பீப்பீ. தென்னை ஓலையில் கைக்கடிகாரம், பாம்பு, கிலுகிலுப்பை எல்லாம் செய்து கொடுத்திருக்கிறார். என் அம்மாவை விட மூத்தவரான அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். "வா, போ, இந்தா" என்றுதான் பேசினேன். ஐந்து வயதுக் குழந்தையான என்னை அவர் "வாங் அம்மிணி, போங் அம்மிணி" என்றார். நான் கவுண்டர் வீட்டில் பிறந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எனக்கு யாரும் அப்படிப் பேசச் சொல்லித்தரவில்லை. ஓலை தண்ணீரை இழுப்பதுபோல அந்தப் பேச்சை நான் இழுத்துக்கொண்டேன்.

அவருடைய பேத்தி கோவையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள், பாட்டிக்கு ஒத்தாசையாக ஒருநாள் தோப்புக்கு வந்தாள். ஓலை முடைந்துகொண்டே வள்ளிக் கும்மிப் பாட்டை முணுமுணுத்தாள். நான் இன்னும் தடுமாறுகிற இடத்தைக்கூடப் பிசகில்லாமல் பாடினாள். "எங்கே கத்துக்கிட்டே கண்ணு?" என்றேன். "தினமும் மைக்ல போடறீங்களே. எங்க வீதி வரைக்கும் நல்லாக் கேக்குது" என்றாள்.

அன்று இரவுதான் கவனித்தேன். திடலின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், வெளிச்சம் முடிகிற இடத்தில் நாலைந்து பெண்பிள்ளைகள் நின்றார்கள். அவளும் நின்றாள். முப்பது நாளாக நான் அந்த வட்டத்தில் சுற்றியிருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறேன்.

இடைவேளையில் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். "எனக்கு யாரு வந்தாலும் ஒண்ணுதானுங்க. கோயில் திடலாச்சே, ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார். ஊரில் கேட்டேன். "இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு?" என்றார்கள். கூட ஆடிய பெண்களிடம் கேட்டேன். "நமக்குள்ள ஏதோ சந்தோசமா ஆடிட்டு இருக்கோம், அதைக் கெடுத்துக்கணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியாரிடம் சண்டை போட்டு, அந்த இரண்டு மணி நேரத்தை வாங்கிக்கொண்டு வருகிறவள் அவள். அந்த "நமக்குள்ள" என்ற சொல்தான் இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரம் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிற என் மகள் ஒரு காணொளியை அனுப்பினாள். பழைய காணொளிதான், ஏற்கெனவே பலர் பார்த்துக் கொதித்தது. வேறோர் ஊர் வள்ளிக் கும்மி மேடை. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் சொல்லச் சொல்ல, சேலை கட்டிய பெண்கள் உறுதிமொழியைத் திருப்பிச் சொல்கிறார்கள். தங்கள் சாதிப் பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்பது அந்த உறுதிமொழி. அவர் ஓர் அடி சொல்கிறார், பெண்கள் திருப்பிச் சொல்கிறார்கள். நாங்கள் பாட்டுக் கற்றுக்கொள்கிற அதே முறை. கீழே மகள் எழுதியிருந்தாள்: "உங்க அரங்கேற்றத்துல இப்படிச் சொல்லச் சொன்னா நீங்களும் சொல்வீங்களாம்மா?"

அந்த மேடையில் பாடியது யாருடைய கதையை? வள்ளியின் கதையை. கச்சியப்பரின் கந்தபுராணத்திலும் இருக்கிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை, வேடர் தலைவன் நம்பியின் வளர்ப்பு மகள். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசிக் கிளி விரட்டியவள். எங்கிருந்தோ வந்த ஒருவனைக் காதலித்தாள். அவன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்தான். கடைசியில் இரவோடு இரவாக வீட்டை விட்டு அவனோடு போனாள். அப்பனும் உறவுக்காரர்களும் ஆயுதம் எடுத்துக்கொண்டு துரத்தினார்கள். துரத்தியவர்கள் விழுந்தார்கள், பிறகு உயிர்பெற்று எழுந்தார்கள், கல்யாணம் நடந்தது. இதைத்தான் நாங்கள் குனிந்து நிமிர்ந்து கைதட்டிப் பாடுகிறோம். ஊரே கைதட்டுகிறது.

எங்கள் மண்ணில் துரத்துகிறவர்கள் விழுவதில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திக் கொன்றார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அதுவும் மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரம். அன்று தலையில் வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா பிறகு பறை கற்றுக்கொண்டு மேடைகளில் அடித்தார். இந்தக் கொலைகளைச் செய்தித்தாளில் படித்த அதே வீடுகளில்தான் வள்ளியின் பாட்டும் பாடப்படுகிறது. சாமி செய்தால் திருக்கல்யாணம், நம் வீட்டுப் பெண் செய்தால் மானக்கேடு. அந்த மானத்தைக் காவல் காக்கும் வேலைக்கும் பெண்ணையே நிறுத்துகிறார்கள், சேலையும் சலங்கையும் கொடுத்து.

இன்னொன்றும் யோசித்தேன். வள்ளி மலைக்காரி. எங்கள் ஊருக்கு மேற்கே தெரிகிற அந்த மலைகளில் இருப்பவர்கள் இருளர்கள். அவர்களுக்கென்று சொந்தமாகக் குழலும் மேளமும், வட்டமாக நின்று ஆடுகிற ஆட்டமும் உண்டு. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளப் பெண் நஞ்சம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் பாடிய பாட்டுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். உடனே, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று கேள்வி வந்தது. மாடு ஆடு மேய்த்துக்கொண்டு பாடியவர் அவர். தினை காத்தபடி பாடிய வள்ளிக்கும் யாரும் சுருதிப் பெட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த வள்ளியே மலையிறங்கி எங்கள் திடலுக்கு வந்தால் எங்கே நிற்பாள்? வட்டத்துக்குள் விடுவோமா? தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்தக் கேள்வியை மறுநாள் பயிற்சி முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டேன். இப்படி அழகாக வரவில்லை. குரல் நடுங்கியது, பாதியில் அழுகை வந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு, இரண்டு இரண்டு பேராகப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் தோப்பில் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அவர் கண் கலங்குவார் என்றுகூட எதிர்பார்த்திருப்பேன். ஓலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்:

"எதுக்குங் அம்மிணி இந்த வம்பு? அந்த வட்டத்துல நிக்கோணும்னு நாங்க கேட்டமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரே தொடர்ந்தார். "எம்பட வீட்டுக்காரரு சாகற வரைக்கும் இந்தக் கோயிலுக்குத் தப்பு அடிச்சாரு. அவரு அடிச்சாத்தான் சாமி வரும். ஆனா சாமி இருக்கற பக்கம் அவரு போக முடியாது. இந்தப் பந்தலுக்கு நாப்பது வருசமாத் தடுக்குப் பின்றேன். அதுக்கடியில ஒரு நாளும் நான் உக்காந்ததில்லீங்."

முந்நூறில் என் கையால் பின்னியது இருபதுகூடத் தேறாது. மற்றதெல்லாம் அவர் கை. அந்த நிழலில்தான் எங்கள் அரங்கேற்றத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கு நாற்காலி போடப்போகிறார்கள்.

பேத்தி வேறு மாதிரி பேசினாள். "எனக்குக் கும்மி புடிக்கும் ஆன்ட்டி. ஆனா ஒரு நாள் மட்டும் கூப்பிட்டு நடுவுல நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. அதுக்கு வரமாட்டேன்." கோவையில் வாரக் கடைசியில் நண்பர்களோடு பறை பழகுகிறாளாம். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. மரச் சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சியது, அடிப்பதற்கு முன் சருகு கொளுத்திப் பறையைக் காயவைப்பது, வலது கை அடிக்குச்சியும் இடது கை சிண்டுக்குச்சியும் தனித்தனியாகப் பேசவேண்டும் என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். "தாத்தா அடிச்சது கூலிக்கு. நான் அடிக்கறது என் இஷ்டத்துக்கு" என்றாள். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தலித் பெண்கள் 1990களிலிருந்தே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறியிருக்கிறார்கள். பெண்கள் ஆட வந்ததே எங்கள் கும்மியில்தான் என்பதுபோல நான் பூரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சித்திரையில் அரங்கேற்றம் நடந்தது. நான் ஆடவில்லை. காரணத்தை இரண்டு நாள் முன்பே வாத்தியாரிடம் நேரில் சொல்லிவிட்டேன். வீட்டில் பேச்சு வாங்கினேன். ஊரிலும் வாங்கினேன். "வயசான காலத்துல இவளுக்கு எதுக்கு இந்தப் புத்தி" என்று கேட்டவர்கள், எட்டு வாரம் முன்பு "வயசான காலத்துல இவளுக்கு எதுக்கு ஆட்டம்" என்று கேட்ட அதே ஆட்கள். ஆடுவதற்கு அனுமதி வாங்கியது ஒரு சண்டை என்றால், ஆடமாட்டேன் என்று சொன்னது அதைவிடப் பெரிய சண்டையாக இருந்தது.

அன்று நான் தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு தொடங்கியதும் கால் தானாகத் தாளம் போட்டது. அடக்க முடியவில்லை. மஞ்சள் சேலைகள் சுற்றி வரும்போது அவ்வளவு அழகாக இருந்தது. உள்ளே ஓர் ஏக்கம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். பாதியில் பக்கத்து வீட்டு அக்கா வட்டத்தை விட்டு வந்து என் அருகில் உட்கார்ந்தார். "முழங்கால் வலிக்குது புள்ள" என்றார். அவர் முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். கடைசிப் பாட்டு வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

நோம்பி முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். நல்ல தடுக்குகளை எங்கள் கோழிக் கொட்டாய்க்கு மேய எடுத்து வந்தோம். இப்போதும் அந்த அம்மாவோடு உட்கார்ந்து பின்னுகிறேன், இப்போது வானம் தெரிவதில்லை. அவரைப் "பெரியம்மா" என்று கூப்பிடப் பழகுகிறேன். முதல் நாள் கூப்பிட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார். அவர் இன்னும் என்னை "வாங், போங்" என்றுதான் சொல்கிறார். அதை விடச் சொல்லி நான் கட்டளை போட்டால் அதுவும் பழைய கதைதான். அதனால் விட்டுவிட்டேன்.

வரும் மாசிக்கு என் மகளுக்கு ஒரு யோசனை. கோயில் திடல் வேண்டாம், அரசுப் பள்ளி மைதானத்தில் பழகலாம். அங்கே யாரும் யாரையும் நிற்காதே என்று சொல்ல முடியாது. தலைமையாசிரியைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து ஆறு. என் கையெழுத்து, மகளுடையது, பக்கத்து வீட்டு அக்காவுடையது, இன்னும் மூன்று பெண்களுடையது. நாற்பத்திரண்டில் அது குறைவுதான். பதில் இன்னும் வரவில்லை.

பேத்தியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அங்க வெச்சா வர்றேன் ஆன்ட்டி. ஆனா என்கூடப் பறையும் வரும். பரவாயில்லையா?"

சலங்கையை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.